சந்திரனுக்கு இல்லாத காற்று டைட்டனுக்கு எப்படி?

கேள்வி: ஈர்ப்பு குறைவு என்பதால்தான் சந்திரனில் காற்று இல்லை என்று படித்தேன். சனியின் துணைக்கோளான டைட்டனில் ஈர்ப்பு அதைவிடவும் குறைவாம், ஆனால் காற்று பூமியைவிட அடர்த்தியாம். இது எப்படி?

பதில்: சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஈர்ப்பு என்பது பாதிக் கதைதான், மீதிப் பாதி வெப்பம். சந்திரனை விட்டு ஒரு பொருள் நிரந்தரமாக வெளியேற நொடிக்கு 2.4 கி.மீ. வேகம் வேண்டும், டைட்டனில் 2.6 கி.மீ. விடுபடு வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சந்திரனின் பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும், அந்தச் சூட்டில் நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் ஓடும். டைட்டனின் தரையில் மைனஸ் 179 டிகிரி, அங்கே அதே மூலக்கூறுக்கு 300 மீட்டர் கூடத் தேறாது.

600 மீட்டர் எங்கே, 2.4 கி.மீ. எங்கே என்று தோன்றும். சராசரி என்ற சொல்தான் இங்கே ஏமாற்றுகிறது. மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதுவதால் எப்போதும் ஒரு சிலவற்றுக்கு மட்டும் பல மடங்கு வேகம் கிடைத்துவிடும், உச்சி அடுக்கில் இருக்கும் அவை நழுவிப் போகும், மிச்சமிருப்பவை மறுபடி மோதும், மறுபடி சில நழுவும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே கசிந்தால் என்ன மிஞ்சும்? விடுபடு வேகம் சராசரியைப் போல ஆறு மடங்காவது இருந்தால்தான் வாயு நிலைக்கும் என்பது தோராயமான ஒரு கணக்கு. சந்திரனில் அது நான்கு மடங்கு, டைட்டனில் ஒன்பது. (டைட்டனின் மேலடுக்கு தரையைவிடச் சற்று சூடு, அதனால் ஒன்பது கொஞ்சம் குறையும்.) போதாததற்கு, சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து பாயும் மின்துகள்கள்) புற ஊதாக் கதிரும் சந்திரனை அருகிலிருந்து தாக்குகின்றன. டைட்டனோ சூரியனிலிருந்து நம்மைப் போல ஒன்பதரை மடங்கு தொலைவில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வியாழனின் கனிமீடு டைட்டனைவிடச் சற்றுப் பெரியது, அதற்குக் காற்று இல்லை என்றே சொல்லலாம். அதனால் பிடித்துவைத்தால் மட்டும் போதாது, முதலில் கையில் சரக்கு இருக்க வேண்டும். சனி உருவான குளிர்ந்த பகுதியில் பனிக்கட்டிக்குள் அம்மோனியா நிறைய சிக்கியிருக்கும், அதிலிருந்து பிரிந்ததுதான் டைட்டனின் நைட்ரஜன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

டைட்டனின் தரையில் காற்றழுத்தம் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கு, அடர்த்தி நான்கு மடங்குக்கும் மேல், ஈர்ப்போ ஏழில் ஒரு பங்கு. கைகளில் இறக்கை கட்டிக்கொண்டு மனிதன் தன் பலத்தாலேயே பறந்துவிடலாம்! 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் தொங்கியபடி தரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. மீத்தேன் மழைத்துளிகளும் அங்கே பனித்தூவலைப் போல மெதுவாகத்தான் இறங்கும். எனக்கு அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

கேள்வி: செவ்வாயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புயல் அடித்தால் ஆளைத் தள்ளிவிடுமா?

பதில்: தள்ளாது. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. காற்று தரும் விசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது, அதனால் செவ்வாயின் 100 கி.மீ. புயல் உடம்பில் படும்போது இங்கே 13 கி.மீ. வேகத்தில் வீசும் தென்றல் அளவுக்குத்தான் இருக்கும். 2021 ஏப்ரலில் இன்ஜெனியுட்டி ஹெலிகாப்டர் மேலெழ, வெறும் 1.8 கிலோ எடைக்கே அதன் இறக்கைகள் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கும் மேல் சுழல வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான்.

ஆனால் தூசி வேறு விஷயம். அது அவ்வளவு நுண்ணியது என்பதால் அந்த மெல்லிய காற்றே தூக்கிவிடும், அப்புறம் வாரக்கணக்கில் கீழே இறங்காது. 2018 ஜூனில் அப்படி எழுந்த புழுதி வெயிலை மறைத்ததில், சூரிய மின்சாரத்தை நம்பி 14 ஆண்டுகள் ஓடிய ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி ஓய்ந்துபோனது. அதன் பிறகு அதிலிருந்து சிக்னல் வரவே இல்லை.