ஈரோட்டிலிருந்து காசு செலவில்லாமல், மேற்கத்திய இசை நாடகமான ஓபராவும் அதன் வரலாறும் கற்க முடியுமா?

முடியும். யூடியூபில் ஓபராவிஷன் சேனலில் ஐரோப்பிய அரங்குகளின் முழு ஓபராக்கள் சப்டைட்டிலோடு இலவசம். சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள், அதனால் பிடித்ததைத் தள்ளிப்போடாதீர்கள்.

பலரும் வரலாற்று வரிசைப்படி 1600-லிருந்து தொடங்கி, பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் ‘கார்மென்’ பாருங்கள். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு நாளைக்கு ஓர் அங்கம் போதும், மொத்தம் நான்கு. கையில் வைத்திருக்கும் வசனப் புத்தகம் மேடையோடு ஒத்துப்போகாமல் குழப்பலாம். 1875-ல் அது பேச்சு வசனத்தோடு அரங்கேறியது. பிசே இறந்தபின் அவர் நண்பரான இசையமைப்பாளர் கிரோ அந்த வசனங்களுக்கு இசையமைத்தார். இரண்டு வடிவமும் இன்றும் மேடையேறுகின்றன.

நம் பக்கத்து அண்ணமார் கதை உடுக்கைப் பாட்டைக் கேட்டவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. அங்கே கதை நகரும் இடமும், பாட்டு நின்று உருக்கும் இடமும் மாறி மாறி வருமல்லவா? ஓபராவில் முன்னது ரெசிடேட்டிவ், பின்னது ஆரியா. இந்த வேறுபாடு காதில் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் பின்னோக்கிப் போங்கள்: இத்தாலியின் மான்டுவாவில் 1607-ல் மான்டிவெர்டியின் ‘ஓர்ஃபெயோ’, பிறகு 1637-ல் வெனிசில் டிக்கெட் வாங்கிய எவரும் நுழையக்கூடிய முதல் ஓபரா அரங்கு. இசைக்குறிப்புக்கு ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இலவச இணையதளம். பியானோவுக்குச் சுருக்கிய ‘வோக்கல் ஸ்கோர்’ எடுங்கள், எல்லா வாத்தியங்களும் அடங்கிய முழு ஸ்கோர் திணறடிக்கும்.

சப்டைட்டிலை ஆங்கிலத்திலேயே வையுங்கள், தானியங்கித் தமிழ் கவிதை வரிகளைச் சிதைத்துவிடும். போன் ஸ்பீக்கர் வேண்டாங்க. அடிச்சுருதி வாத்தியங்கள் காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும்.