'அண்ணன்' வாங்கிக் கொடுத்த ஷூ

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன் இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டான். புது ஷூ, புது போன். கேட்டால் 'அண்ணன் வாங்கிக் குடுத்தாரு' என்கிறான், அவனுக்கு அண்ணனே கிடையாது. பாடம் நடக்கும்போது போன் வந்தால் முகம் வெளுத்துப்போய் எழுந்து ஓடுகிறான். போன வாரம் அவன் பையிலிருந்து டேப் சுற்றிய பொட்டலம் ஒன்று விழுந்தது, சட்டென்று எடுத்து மறைத்துக்கொண்டான். அம்மா விடியற்காலையிலேயே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். அவரிடம் சொன்னால் பையனைப் பின்னி எடுத்துவிடுவார். போலீஸுக்குப் போனால் அவன் வாழ்க்கையே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: நீங்கள் பொட்டலத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, போன் வந்தால் முகம் வெளுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ஷூ கிடைத்த சந்தோஷம் தீர்ந்து, பயம் ஆரம்பித்துவிட்டது.

புளியந்தோப்பில் இதே வயதுப் பையன் ஒருவனிடம் பேசியிருக்கிறேன். முதலில் பிரியாணி, பைக்கில் ஒரு ரவுண்டு, அப்புறம் 'இத அந்த முக்குல குடுத்துட்டு வா'. மூன்றாவது தடவை பைக்கில் வந்த இரண்டு பேர் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 'எட்டாயிரம் நீதான் தரணும்' என்றானாம் அண்ணன். அதை அடைக்க நாலு மாதம் சுமந்திருக்கிறான். பிடுங்கியவர்களும் அதே அண்ணனின் ஆட்கள்தான் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இதைச் சொல்லும்போது ஆட்டோ சீட்டின் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால் உங்கள் பையனிடம் பொட்டலத்தைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகள் போனபிறகு, 'யாருக்காவது காசு தரணுமாடா? யாராவது மிரட்டுறாங்களா?' என்று மட்டும் கேளுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். பொட்டலத்தை வாங்கி உங்கள் வீட்டில் வைக்கவே கூடாது. அந்த 'அண்ணனை' நேரில் போய்க் கேட்பதும் வேண்டாம், அடி பையனுக்குத்தான் விழும்.

அடுத்து 1098. குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. நீங்கள் பார்த்ததைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். போலீஸ் பயம் நியாயமானதுதான், ஆனால் சட்டம் இங்கே பையன் பக்கம் நிறையவே நிற்கிறது: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 78-ஆவது பிரிவு, போதைப்பொருளைச் சுமக்கவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. பிடிபட்டாலும் 18 வயதுக்குள் இருப்பவனை லாக்கப்பில் போடக் கூடாது.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'உங்க பையன் கஞ்சா விக்கிறான்' என்று ஆரம்பித்தால் கை ஓங்குவார், யாராக இருந்தாலும் ஓங்குவோம். 'உங்க பையனை ஒருத்தன் மாட்டிவிட்டிருக்கான், ரெண்டு பேருமா சேர்ந்து வெளிய கொண்டுவரணும்' என்று சொல்லிப் பாருங்கள். அம்மா வீட்டில் இல்லாத அந்த விடியற்காலை நேரத்துக்கு அவன் உங்கள் வீட்டிலோ, ஃபுட்பால் கிரவுண்டிலோ இருக்க வழி செய்ய முடியுமா என்றும் பாருங்கள்.

கேள்வி: அக்கா மகளுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் ஒரு மாதிரியான போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் அனுப்பு என்று மிரட்டுகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிம்மை உடைத்துப் போடச் சொல்கிறார் என் கணவர். சரிதானே?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள், அவனைப் பிடிக்க இருக்கும் சாட்சி அதுதான். அவன் ஐடி, மிரட்டிய மெசேஜ்கள், இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போட்டோவை மட்டும் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளேயும்தான். அவன் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொந்தக்காரராக இருந்தாலும். அதே சட்டம் அவள் வாக்குமூலத்தை வீட்டிலேயே, அல்லது அவள் சொல்லும் இடத்தில், சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது, முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி. ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது. பேப்பரில் பெயர் வரக் கூடாது.

'ஏன் அனுப்பினாய்' என்று யாரும் இப்போது கேட்க வேண்டாம். இன்று ராத்திரி அவளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும். அவன் அடுத்து அனுப்புவதை அவள் படிக்க வேண்டியதில்லை.