கந்தஹாரில் ஒரு ராணுவ வக்கீலின் நாள்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் அமெரிக்க ராணுவத்தில் கேப்டனாக இருந்த வழக்கறிஞர். 2010-11ல் ஒரு வருடம் ஆப்கானிஸ்தானின் கந்தஹார் மாகாணத்தில், ஒரு பிரிகேடின், அதாவது பெரிய படையணியின், சட்டப் பிரிவில் வேலை. யூனிட் பெயரையும் என்னிடம் வந்தவர்களின் ரகசியத்தையும் தவிர, எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: மேடம், சண்டை நடக்கும் இடத்தில் வக்கீலுக்கு என்ன வேலை? கோர்ட் மார்ஷலா?

அந்த ஒரு வருடத்தில் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம், பக்கம் நான் போனது இரண்டே தடவை. மற்ற நாளெல்லாம் காகிதம்தான், அதுவும் நாளுக்கு 16 மணி நேரம். காலை ஆறரைக்கு கண்டெய்னர் அலுவலகத்தைத் திறந்தால் முந்தைய இரவின் சம்பவ அறிக்கைகள் காத்திருக்கும். யாரோ துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாகச் சுட்டிருப்பார், யாரோ இரவுப் பார்வைக் கருவியைத் தொலைத்திருப்பார். விசாரணை அதிகாரியை நியமிக்கும் கடிதம் எழுத வேண்டும், அவர் கொண்டுவரும் அறிக்கையைச் சரிபார்க்க வேண்டும். சின்னக் குற்றங்களுக்கு ‘ஆர்ட்டிகிள் 15’ உண்டு. கோர்ட்டுக்குப் போகாமல் கமாண்டரே தண்டனை தருவார். சிப்பாய்க்கு அது பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு, கோர்ட் மார்ஷலே வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. அதை அவரிடம் சொல்ல மறந்தால் என் தலை உருளும்.

அப்படியானால் நாள் ஏன் 16 மணி நேரம் போகிறது?

கடிகாரம் இரண்டு என்பதால். கந்தஹாரில் மாலை ஐந்தரை ஆகும்போது வாஷிங்டனில் குளிர்காலத்தில் காலை எட்டு, கோடையில் ஒன்பது. நாம் சாப்பிட்டுவிட்டு வரும்போது அங்கே காபியோடு உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குவார்கள். வெள்ளி ஆப்கானியர்களுக்கு விடுமுறை, சனி ஞாயிறு வாஷிங்டனுக்கு விடுமுறை, நடுவில் இருப்பவருக்கு எதுவுமில்லை.

பெரும்பாலான இரவு மின்னஞ்சல்கள் பணத்தைப் பற்றியவை. பராமரிப்பு நிதியிலிருந்து கட்டடம் கட்டினால் அப்போது 7,50,000 டாலர் வரம்பு. சரளைக்கல் தனி, கொட்டகை தனி என்று ஒரே வேலையைப் பிரித்து வரம்புக்குள் காட்டப் பார்ப்பார்கள். கூடாது என்று நான் எழுதுவேன். வேலை பிரிந்ததே தவிர நோக்கம் ஒன்றுதானே? இதற்கு நாலு நாள் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

ட்ரோன் தாக்குதலுக்கு வக்கீல் அனுமதி தர வேண்டுமாமே, உண்மையா?

அனுமதி தருவது கமாண்டர். வக்கீல் ஆலோசனைதான் சொல்வார். ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை, 82வது பிரிவு, கமாண்டர்களுக்குச் சட்ட ஆலோசகர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அமெரிக்கா அந்த நெறிமுறையை இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் ஆலோசகரைப் பக்கத்தில் உட்காரவைக்கும் பழக்கம் அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது.

ஓர் ஏப்ரல் இரவைச் சொல்கிறேன். கட்டளை மையத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். திரையில் சாலையோரம் ஒருவர் குனிந்து தோண்டுகிறார். நேரம் ஒன்றேகால். அந்தச் சாலையில் அந்த மாதம் மூன்று கண்ணிவெடி வெடித்திருந்தது. ‘தோண்டுகிறார், ராத்திரி, சாலையோரம்’ என்று மூன்றையும் அடுக்கி, இது எதிரியாகத் தாக்கும் நோக்கம்தான் என்றார் ஓர் அதிகாரி. என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். முறைத் தண்ணீர் நமக்கு ராத்திரி என்றால், அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் கிளம்பிவிடுவார். கந்தஹாரிலும் அதே முறைப் பாசனம்தான். யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்ள ‘மிராப்’ என்று ஓர் ஆள் இருப்பார். வாய்க்கால் பல இடங்களில் சாலையை ஒட்டியே ஓடும். நான் கேட்டது இரண்டு கேள்வி: கையில் மண்வெட்டி தவிர ஏதாவது தெரிகிறதா? குழியில் எதையாவது வைத்தாரா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில். கமாண்டர் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

மொத்தம் எட்டு நிமிடம். அந்த வாரம் ஒரு சிப்பாயின் வாடகை ஒப்பந்தத்துக்கு நான் செலவழித்தது ஆறு மணி நேரம்.

மக்களுக்கு நஷ்டஈடு கொடுப்பார்களா, இல்லை பேச்சுக்குத்தானா?

கொடுப்பார்கள், ஆனால் கணக்கு வினோதமாக இருக்கும். வெளிநாட்டவர் இழப்பீட்டுச் சட்டம் என்று 1942ல் ஒன்று வந்தது. ராணுவ லாரி திரும்பும்போது உங்கள் சுவரை இடித்துவிட்டால் அதன்படி பணம் உண்டு, 2 ஆண்டுக்குள் மனு தர வேண்டும். ஆனால் சண்டையில் இடிந்தால் அந்தச் சட்டம் கைவிரித்துவிடும். அதற்கு கமாண்டரின் நிதியிலிருந்து ‘ஆறுதல் தொகை’ என்று வேறு வழி. ஓர் உயிருக்கு அப்போது வழக்கமான உச்சம் 2,500 டாலர். அந்த எண்ணை ஒரு தகப்பனிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லும் இடத்தில் நான் ஐந்து முறை உட்கார்ந்திருக்கிறேன். ஆறாவது முறைக்கு என் மேலதிகாரி போனார், நான் கேட்டுக்கொண்டதால்.

சுவர் கதைக்கு வருகிறேன். கந்தஹாரின் ஜாரி மாவட்டம் திராட்சை பூமி. உலர்த்துவதற்கு ‘கிஷ்மிஷ் கானா’ என்று மண்வீடு கட்டியிருப்பார்கள். தடித்த சுவர், காற்றுக்கு வரிசையாகத் துளைகள். துளை வழியாகச் சுடவும் வசதி, குண்டும் லேசில் துளைக்காது, அதனால் சண்டையில் முதலில் அடிபடுவது அதுதான். அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அண்ணன் சுவரை லாரி இடித்தது, தம்பி சுவரைக் குண்டு இடித்தது. மனு வேறு, நிதி வேறு, தொகை வேறு. இரண்டும் ஒரே மண்ணில் கட்டிய சுவர்தானே என்று தம்பி கேட்டார். சட்டப் பிரிவை விளக்கினேன். மூன்றாவது டீயும் வந்தது, அவர் ஏற்கவில்லை. எனக்கும் அது சரியென்று படவில்லை, ஆனால் கையெழுத்து போட்டேன்.

சட்டக் கல்லூரி மாணவி: அக்கா, சிப்பாய்களின் சொந்தப் பிரச்சினைக்கும் நீங்கள்தானா?

உயில், பவர் பத்திரம், விவாகரத்து எல்லாம் வரும். 2003ல் வந்த ஒரு சட்டம் பணியிலிருப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்பு தருகிறது. ராணுவத்தில் சேருமுன் வாங்கிய கடனுக்கு, பணியால் கட்ட முடியாமல் போனால், வட்டி 6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஊரில் நடக்கும் சிவில் வழக்கையும் குறைந்தது 90 நாள் நிறுத்திவைக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் வந்தால் மட்டும் வாயைத் திறக்கவிட மாட்டேன். நான் கமாண்டர் பக்கத்து வக்கீல். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனியாகத் தற்காப்பு வக்கீல் உண்டு, அந்த வக்கீலின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

துப்பாக்கி வைத்திருந்தீர்களா? சம்பளம்?

எம்9 பிஸ்டல், சாப்பாட்டுக் கூடத்துக்கும் அதோடுதான் போவோம். மருத்துவருக்கும் மதகுருவுக்கும் உள்ள தனிப் பாதுகாப்பு வக்கீலுக்குக் கிடையாது. சம்பளத்தோடு அபாயப் படி மாதம் 225 டாலர். நகரத்து வக்கீல் நண்பர்கள் ஒரு மணி நேரத்துக்கு அதைவிட அதிகம் வாங்கினார்கள்.

மது கூடாதாமே?

பொது உத்தரவு எண் 1. மது கூடாது, வளர்ப்பு நாய்கூடக் கூடாது. வோட்காவில் நிறம் கலந்து வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பார்சல் வரும். அதைவிடக் கஷ்டம் நாய்க்குட்டி. ஒரு பிளட்டூன் (சிறு படைக்குழு) முழுக்க ஊட்டி வளர்த்ததை அப்புறப்படுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியவள் நான். இரண்டு வாரம் ஒருவரும் பேசவில்லை.

இந்திய ராணுவத்தில் இப்படிச் சேரலாமா?

சேரலாம். எல்எல்பியில் 55 சதவீதம், வயது 21 முதல் 27, கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் முதுநிலை மதிப்பெண், எஸ்எஸ்பி என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். பயிற்சி சென்னையில், ஓடிஏ என்ற அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில். இந்தச் சட்டப் பிரிவில் ஆண்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியதை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதனால் தயங்காமல் விண்ணப்பியுங்கள், தங்கைகளே.

அக்கா, அந்த மண்வெட்டிக்காரர் என்ன ஆனார்?

மடையை அடைத்து, அடுத்த வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். நேரம் 1:30 என்று பதிவேட்டில் குறித்தேன். படுக்கலாம் என்று போனால் மின்னஞ்சல் வந்திருந்தது. வாஷிங்டனில் மாலை ஐந்து மணி, வீட்டுக்குக் கிளம்புமுன் சரளைக்கல் கொட்டகை விவகாரத்துக்குப் பதில் வேண்டுமாம்.