அசனத்தில் ஒரே பந்தி, சம்பந்தம் மட்டும் கூடாதா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. சபை எங்களுடையது. என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண்ணை என் மகன் விரும்புகிறான். ஒரே சபைதான், ஆனால் எங்களைவிடத் தாழ்வாகச் சொல்லப்படுகிற சாதி. "கோயிலுக்குள்ள எல்லாரும் ஒண்ணு. வீடு வேற" என்கிறார் இவர். ஞாயிறுதோறும் அந்தப் பெண்ணின் அம்மா முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூச்சம் நல்லது. அதைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள்.

சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் உங்கள் ஊர் அசனப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். அண்டா அண்டாவாகச் சோறு, கறிக்குழம்பு. வேட்டியை மடித்துக் கட்டி, வாளியோடு உங்கள் கணவரும் பரிமாறியிருப்பார். அந்தப் பெண்ணின் அப்பா இலையிலும் அவர் கையால் குழம்பு விழுந்திருக்கும். சரி, அதே மனிதர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கிறாரா? நீங்கள் அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறீர்களா?

"கோயில் வேற, வீடு வேற" என்பதற்கு வேதத்தில் இடமில்லை. யோவான் 4-ஆம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு எப்படி இருந்தார்கள் என்பதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பு போட்டிருக்கும் சொல் "சம்பந்தங்கலவாதவர்கள்". சம்பந்தம் என்றால் நம் ஊரில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கலவாமையை அவர் ஜெபக்கூட்டத்தில் உடைக்கவில்லை, அவள் கையால் தண்ணீர் கேட்டு உடைத்தார்.

கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தையும் உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அதை முகத்துக்கு நேரே கண்டித்தார். விசுவாசத்தில் பேதுருவுக்கு ஒரு குறையும் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதுதான் அவரை எழுப்பிவிட்டது. உங்கள் கணவருக்கும் அந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவரைக் கெட்டவராக்கிப் பேசாதீர்கள். சபைப் போதகரான ஐயரிடம் போவதென்றாலும் முதலில் தனியாகப் போங்கள். கமிட்டியில் நாலு பேர் முன்னால் இந்தப் பேச்சு வந்தால் அவர் இன்னும் இறுகிவிடுவார்.

உங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கத்தோலிக்கர் கதைதானே, நாம் புராட்டஸ்டன்ட் ஆயிற்றே என்று ஒதுக்க வேண்டாம். 1872-இல் அங்கே எழுந்த கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்து, ஒரே பீடத்தில் போய்ச் சேரும். உயர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம், நடுவில் சுவர். ஒரே பூசை, ஒரே சாமியார், ஆனால் பக்கத்துச் சாதிக்காரன் முகம் தெரியாது. 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடினார்கள், எடுபடவில்லை. அந்தச் சுவர் இன்று பல ஊர்களில் வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். உங்கள் வீட்டில் பயம் என்றால் அந்த வீட்டில் அதைவிடப் பத்து மடங்கு இருக்கும். அவமானமும் அடியும் முதலில் விழுவது அவர்கள்மேல்தான். உறவினர் யாராவது மிரட்டினால் "பேசிச் சரி பண்ணிடலாம்" என்று உட்கார்ந்திருக்காமல் போலீஸுக்குப் போங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகிவிட்டால் முடிவு அவர்களுடையது. அதை உங்கள் கணவரிடம் கோபமில்லாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கணவர் மனம் மாறட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அந்த அம்மாவிடம், "ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரலாமா?" என்று கேளுங்கள். அவர்கள் சரி என்றால், கல்யாணப் பேச்சோடு போகாமல், கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு சும்மா போங்கள். அவர்கள் தயங்கித் தயங்கி, "டீ குடிக்கீங்களா?" என்று கேட்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். டம்ளரை வாங்கி, முழுக்கக் குடித்துவிட்டு வாருங்கள்.