அவசரகாலப் பணத்தைச் செப்புப் பென்னியாக மாற்றலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் நானும் மகளும் வங்கியில் பென்னி ரோல் (ஒரு சென்ட் காசு ஐம்பது அடங்கிய சுருள்) வாங்கி வந்து பிரித்துப் பார்ப்போம். கோதுமைக் கதிர் போட்ட பழைய பென்னி இரண்டு கிடைத்தது. 1982-க்கு முந்தைய பென்னியில் உள்ள செம்பே மூன்று சென்ட் பெறும் என்கிறார்கள். அவசரத்துக்கு ஒதுக்கிய 5,000 டாலரைச் செப்புக் காசாக மாற்றிவைத்தால் மூன்று மடங்கு ஆகுமல்லவா? கும்பகோணத்தில் மைத்துனர் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே அனுப்பி உருக்கலாமா?

பதில்: பட்டறை யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். பென்னியை உருக்குவதற்கும், உருக்குவதற்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் அமெரிக்க நாணயச்சாலை 2006 டிசம்பரில் தடை போட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. ஊருக்குப் போகும்போது கையோடு 5 டாலர் அளவுக்குக் கொண்டுபோகலாம், சேகரிப்புக்காக என்றால் 25 டாலர். 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி அடிப்பது நின்றுவிட்டது, ஆனால் அதனால் இந்தத் தடை தானாக நீங்கிவிடாது. விசாவில் இருப்பவராக இருந்தால் இதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

இனி உங்கள் மூன்று மடங்குக் கணக்கு. அது தவறல்ல. 1982 வரை செம்பில் அடித்த, லிங்கன் தலை போட்ட பென்னியின் எடை 3.11 கிராம், அதில் 95 சதவீதம் செம்பு (1943-ல் மட்டும் போருக்காக எஃகில் அடித்தார்கள்). செம்பு பவுண்டுக்கு 4.50 டாலர் என்று வைத்தால், ஒரு காசில் சுமார் 2.9 சென்ட் செம்பு இருக்கிறது. பிறகு வந்தவை 2.5 கிராம், மேலே செம்பு முலாம், உள்ளே துத்தநாகம்.

ஆனால் 5,000 டாலருக்குச் செப்புப் பென்னி என்றால் ஐந்து லட்சம் காசு. எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். ஒரு பெட்டியில் 50 ரோல், 2,500 காசு, விலை 25 டாலர். ஐந்தில் ஒன்று செம்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆயிரம் பெட்டி பிரிக்க வேண்டும். காசுக்கு ஒரு நொடி என்றால்கூடக் கிட்டத்தட்ட 700 மணி நேரம். புதுக் காசு வரத்து நின்றபின் அத்தனை பெட்டி எந்தக் கிளை தரும்? மீதி இருபது லட்சம் துத்தநாகக் காசைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். உருக்க முடியாத செம்புக்கு, அதை வாங்கிப் பதுக்கும் இன்னொருவர் தரும் விலைதான் விலை. அவர் செம்பின் முழு மதிப்பைத் தர மாட்டார். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால் இந்த மூட்டைகள் உதவாது. அவசரகால நிதியின் வேலையே அதுதானே!

அந்த 5,000 டாலர், எஃப்.டி.ஐ.சி. காப்பீடு (வங்கி மூழ்கினாலும் பணத்தைக் காக்கும் அமெரிக்க அரசுக் காப்பீடு) உள்ள அதிக வட்டிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

மகளோடு ரோல் பிரிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். முதலே கரையாத பொழுதுபோக்கு இது, வேண்டாத காசை அதே மதிப்புக்கு வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பெட்டிக்கான 50 டாலரையே சுழற்றுங்கள். ரோல் வாங்கும் கிளையில் திருப்பிக் கொட்டினால் கவுண்ட்டர் ஊழியருக்கும் சங்கடம், பார்த்த காசே உங்களிடம் திரும்பவும் வரும். இன்னொரு வங்கியில் கணக்கு வைத்து அங்கே செலுத்துங்கள். பல்பொருள் அங்காடியில் நிற்கும் காசு எண்ணும் இயந்திரத்தில் போட்டால் கட்டணத்திலேயே லாபம் போய்விடும்.

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். 1982-ல் இரு வகையும் அடித்தார்கள், எடைதான் தீர்ப்பு. மேசையில் போட்டால் செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் மந்தமாக விழும். இதைப் பிள்ளைகள் வெகுசீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கோதுமைக் கதிர் 1909 முதல் 1958 வரை. பெரும்பாலானவை சில சென்ட்தான் போகும். 1909-ல் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர் பிரென்னரின் முதலெழுத்துகளோடு அடித்தவை 4,84,000 மட்டுமே, அதை ரோலில் எதிர்பார்க்க வேண்டாம். 1972, 1995 காசுகளில் முகப்பு எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், அவற்றுக்கு வாய்ப்பு உண்டு. 1943 பென்னி செம்பு நிறத்தில் கிடைத்தால் முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் முலாம் பூசிய எஃகு.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: செப்புக் குடத்தைத் துலக்கும் பழக்கத்தில் பழைய பென்னியைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துலக்கிய காசைச் சேகரிப்பாளர் பாதி விலைக்கும் கேட்க மாட்டார். கிடைத்த இரண்டையும் அப்படியே காகித உறையில் போட்டு, ஆண்டையும் கிடைத்த தேதியையும் மகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.