தேங்காய் எண்ணெய் இருக்க, எமோலியன்ட், எமல்சிஃபையர் சேர்த்த கிரீம் எதற்கு?

வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது, வாயில் நுழையாத பெயர்கள் அச்சிட்ட கிரீமை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிரீம் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் பதில் சொல்ல வந்தேன். தேங்காய் எண்ணெய் நல்ல எமோலியன்ட்தான், அதாவது சருமத்தை மென்மையாக்கும் பொருள். ஆனால் அதனால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் தட்டுத் தட்டாகப் படிந்திருக்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புகள் அவற்றின் இடைவெளியை நிரப்பி, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கின்றன. சோப்பும் வெந்நீரும் இந்தக் கொழுப்பை அடித்துக்கொண்டு போனால், காய்ந்த ஓலைக்கூரையைப் போல விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறதே, அது இதனால்தான். எமோலியன்ட் அந்த இடுக்குகளில் புகுந்து விளிம்புகளைப் படிய வைக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி, ஈரம் ஆவியாகாதபடி மேலே மூடியும் விடுகிறது.

ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரினும் யூரியாவும் எண்ணெயில் கரைவதில்லை; தண்ணீரில்தான் கரையும். ஆக, எண்ணெயும் தண்ணீரும் ஒரே புட்டியில் இருந்தாக வேண்டும். வெறுமனே குலுக்கி வைத்தால் சற்று நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். எமல்சிஃபையர் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அது எண்ணெய்த் துளிகளைச் சுற்றி நின்று, அவை ஒன்றுசேராமல் தடுக்கிறது.

இதை நேரில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். எண்ணெய், மெழுகு, எமல்சிஃபையர் ஒரு பாத்திரத்தில். தண்ணீர், கிளிசரின் இன்னொன்றில். இரண்டையும் சுமார் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒன்றாக ஊற்றி வேகமாகக் கலக்குவோம். தெளிவாக இருந்த இரண்டு திரவங்களும் சேர்ந்த கணத்தில் பாலாக வெளுக்கும். வெள்ளை நிறம் எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை. நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. ஆற ஆறக் கெட்டிப்படும். செட்டேரில் ஆல்கஹால் அந்தக் கெட்டித்தன்மையைத் தருகிறது. அது மெழுகுச் செதில்களாக வரும் கொழுப்புப் பொருள், சருமத்தை உலர்த்தாது. பெயரில் 'ஆல்கஹால்' இருப்பதைப் பார்த்துத் தயவுசெய்து பயப்படாதீர்கள்.

தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் இருந்தால் பூச இலேசாக இருக்கும்; லோஷன்கள் பெரும்பாலும் இந்த வகை. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் இருந்தால் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும். 1911இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வந்த நிவியா கிரீம் இரண்டாவது வகை. ஆட்டு ரோம மெழுகிலிருந்து வேதியியலாளர் ஐசக் லிஃப்ஷுட்ஸ் பிரித்தெடுத்த யூசெரிட் என்ற எமல்சிஃபையர்தான் அதைச் சாத்தியமாக்கியது. உங்கள் கிரீம் எந்த வகை என்று அறிய, ஒரு துளியைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். முதல் வகை கரைந்து பரவும்; இரண்டாவது திரண்டே நிற்கும்.

கவனம் தேவைப்படும் இடமும் உண்டு. சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற எமல்சிஃபையர் தோலின் கொழுப்பையே பிரித்தெடுக்கும் இயல்புள்ளது. அது கலந்த 'அக்வஸ் கிரீம்' எக்ஸிமா (அரிக்கும் தோல் அழற்சி) உள்ள குழந்தைகளுக்கு எரிச்சல் தரலாம் என்று பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013இல் எச்சரித்தது. கழுவாமல் விடும் கிரீமில் அந்தப் பெயர் இருந்தால் நான் வாங்க மாட்டேன். கிளிசரில் ஸ்டியரேட், செட்டேரில் குளுக்கோசைடு போன்ற எமல்சிஃபையர்கள் மென்மையானவை.

வீட்டிலேயே கிரீம் செய்யும் யோசனை இருந்தால், ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்ணீர் சேர்ந்த எதுவும், கிருமி வளராமல் தடுக்கும் பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காவிட்டால் கெட்டுப்போகும். கிருமி வளர்ந்ததைப் பல நேரம் கண்ணால் பார்த்து அறிய முடியாது. கை கால் வறட்சிக்கு, குளித்ததும் ஈரம் உலருமுன் உங்கள் தேங்காய் எண்ணெயையே தடவுங்கள். முகத்துக்கு, கிளிசரின் உள்ள லோஷன் ஒன்றை வாங்குங்கள்.