படிக்கத் தெரியாதவர்களும் கிணற்று நீரைப் பதிவு செய்ய ஆப் எப்படி இருக்க வேண்டும்?

வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட கிணறுகளை விவசாயிகளே போனில் பதிவு செய்ய வழி கேட்டிருக்கிறீர்கள். எழுத்துக்குப் பதில் படம் போட்டால் மட்டும் போதாது. படிக்கத் தெரியாதவர்களும் தகவல் பதிவு செய்வதற்கான லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்தின் சபெல்லி ஆப், காங்கோ வனமக்களோடு வளர்ந்தது. படத்தைத் தொட்டால் அடுத்த படங்கள் வரும். இடத்தை ஜிபிஎஸ் குறித்துக்கொள்ளும். நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் பிரிவுக்குள் பிரிவாகப் போகும் மெனு, பள்ளிக்கூடம் பார்க்காதவர்களைக் குழப்பிவிடும். ஒரே திரையில் நாலைந்து படம், தொட்டால் தமிழில் குரல், அவ்வளவுதான். நுரை, நிறம், உப்பு பூத்த வரப்பு, கருகிய தென்னை என அவர்கள் சொல்லும் அடையாளங்களையே வரையுங்கள். வரைந்ததும் 'இது என்ன?' என்று அவர்களிடமே கேளுங்கள். உவர்ப்பு ருசியை எப்படி வரைவது? நானாக இருந்தால் குரல்பதிவு பட்டன் வைப்பேன். அப்புறம், யார் கிணறு என்ற விவரம் யார் கண்ணில் படும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். தோல் தொழிற்சாலைக்கே வேலைக்குப் போகும் வீடுகள் அங்கே நிறைய.